அரசாங்க இணையத்தளத்துக்கு யார் மார்க் போடுவது?

28 ஜூன் 2025, காலை (வாசகர் கேள்வி)

"ஐநாவின் மின்னரசாங்கப் பட்டியலில் போன ஆண்டு டென்மார்க், எஸ்டோனியாவுக்கு அடுத்து நம் சிங்கப்பூர்தான். வரி, கடவுச்சீட்டு, மசேநி (மத்திய சேம நிதி) எல்லாம் கைப்பேசியிலேயே முடிகிறது. இருந்தும் நம் ஆட்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்து தளம் சரியில்லை, தளம் சரியில்லை என்கிறார்கள். தளத்தில் என்ன கோளாறு? கற்றுக்கொள்ளச் சோம்பல் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்."

28 ஜூன், இரவு

சொல்கிறேன். அந்த மூன்றாவது இடம் பொய்யில்லை. 2022ல் 12ஆம் இடத்தில் இருந்தோம், 2024ல் மூன்றுக்கு வந்தோம். ஆனால் அந்தப் பட்டியல் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். இணையச் சேவை, தொலைத்தொடர்பு வசதி, மக்களின் கல்வி, இந்த மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு அது. சேவைப் பகுதிக்கு ஒவ்வொரு நாட்டுத் தளத்தையும் திறந்து, இந்த வசதி இருக்கிறதா, அந்த வசதி இருக்கிறதா என்று குறித்துக்கொண்டு போவார்கள். இருக்கிறது, சரி. ஈசூனில் இருக்கும் என் அம்மா அதைச் செய்து முடித்தாரா என்ற கேள்வி அந்தத் தாளில் கிடையாது.

எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். சிடிசி பற்றுச்சீட்டு, அதாவது கடைகளில் செலவழிக்க அரசாங்கம் வீட்டுக்கு வீடு தரும் பற்றுச்சீட்டு, 2021 டிசம்பரில் இணையத்துக்கு வந்தது. அன்றைய 100 வெள்ளியிலிருந்து போன மாதம் வந்த 500 வெள்ளிவரை அத்தனையையும் எடுத்தவன் நான். வீட்டுக்கு ஒருவர் எடுத்தால் போதும் என்பது விதி. அரசாங்கக் கணக்கில் நாங்கள் மின்னிலக்கத்துக்கு மாறிவிட்ட குடும்பம். நான்கு பேர், ஒரு விரல்.

இதைவிட வெட்கமான ஒன்று இருக்கிறது. அரசாங்கத் தளங்களுக்குள் நுழைய அடையாளம் காட்டும் செயலி சிங்பாஸ். அம்மா அதில் போடும் ஆறு இலக்க எண் எனக்குத் தெரியும். தெரியக் கூடாது. உங்கள் வீட்டில் பெரியவர்களின் எண் தெரியாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

நான் மார்க் போடுவதென்றால் இரண்டே கேள்வி. பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் வேலை முடிகிறதா? முடிந்தது என்று அவருக்கே தெரிகிறதா?

29 ஜூன்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அரசாங்கம் இதையெல்லாம் அளப்பதே இல்லை என்பதுபோல் ஒரு தொனி வந்துவிட்டது. தப்பு. 2018 ஜூனில் வெளியிட்ட மின்னிலக்க அரசாங்கப் பெருந்திட்டத்தில் இலக்குகளையே எழுதி வைத்திருந்தார்கள். சேவையைப் பயன்படுத்தியவர்களில் 75 முதல் 80 விழுக்காட்டினர் "மிகவும் திருப்தி" என்று சொல்ல வேண்டும். வெறும் "திருப்தி" போதாதாம். அதை இலக்காக வைக்கவே ஒரு தைரியம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

என் சண்டை "பயன்படுத்தியவர்" என்ற சொல்லோடுதான். எங்கள் வீட்டில் பயன்படுத்தியவர் யார்? நான். திருப்தியா? மிகவும்.

1 ஜூலை, செவ்வாய்

இன்றிலிருந்து எஸ்ஜி60 பற்றுச்சீட்டு, நாட்டின் 60ஆம் ஆண்டு நிறைவுக்குத் தருவது. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 800 வெள்ளி. 21லிருந்து 59 வரை உள்ளவர்களுக்கு 600, ஆனால் அவர்கள் 22ஆம் தேதிவரை பொறுக்க வேண்டும். இதில் ஒரு பெரிய வித்தியாசம். சிடிசிபோல் வீட்டுக்கு ஒன்று இல்லை, ஆளுக்கு ஒன்று. அவரவர் தன் சிங்பாஸில் நுழைய வேண்டும். என் வீட்டுக் குட்டு உடையும் நாள்.

அரைநாள் விடுப்பு எடுத்தேன். அம்மாவுக்கு 74. சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, "நீங்களே செய்ங்கம்மா, நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எங்களுக்கு மக்சிக், வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பியிருந்தார். அம்மா அதைத் தொடவே இல்லை. யார் அனுப்பினாலும் தொடாதீர்கள் என்று சமூக மன்ற வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முகவரியை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடவே ஒரு நிமிடம் போயிற்று.

தளம் திறந்ததும் தமிழைத் தேர்ந்தெடுத்தார். நான் பயந்த இடம் அதுதான். அங்கே ஒன்றும் ஆகவில்லை. சிங்பாஸ் பொத்தானைத் தொட்டார். செயலி திறந்தது. ஆறு இலக்கம் போட்டு ஒப்புதல் கொடுத்தார். திரையில் டிக் வந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றினார், கைப்பேசியைக் குப்புற வைத்தார். "முடிஞ்சிடுச்சு. டீ போடவா?"

முடியவில்லை. இப்போதுதான் வாசலையே தாண்டியிருக்கிறார். செயலிக்குப் பின்னால் உலாவியில் பற்றுச்சீட்டுப் பக்கம் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் டிக் விழுந்தால் கணக்கு சரி, வேலை முடிந்தது என்றுதானே பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவருக்குத் தெரியும்?

தண்ணீர் கொதித்தது, டீ வந்தது. சத்தியமாக நான் வாயைத் திறக்கவில்லை. பாதி டீ குடித்த பிறகு அம்மாவே, "மெசேஜ் வரலையே" என்றார். ஒவ்வொரு முறையும் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும், அது வந்தால்தான் நான் "வந்திடுச்சும்மா" என்பேன். அதைப் பார்த்து வைத்திருக்கிறார். திரும்ப எடுத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் காலாவதி. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை டிக் விழுந்ததும் அவராகவே உலாவிக்குத் திரும்பினார். கைப்பேசி எண்ணைத் தட்டி, மூன்று தடவை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். கடைசிப் பொத்தான். கவ்.எஸ்ஜி என்ற பெயரில் செய்தி வந்து விழுந்தது.

23 நிமிடம், டீயும் சேர்த்து.

2 ஜூலை

முதல் கேள்வியைக் கேட்டு இந்த இழையைத் தொடங்கியவர் சொல்கிறார்: 23 நிமிடம் என்பது சமூக மன்றத்துக்கு நடந்து போய் வரும் நேரத்தைவிடக் குறைவுதானே, தளம் ஜெயித்துவிட்டதே என்று. அம்மாவிடம் கேட்டேன். "அங்க போனா ஏர்கான் இருக்கும், நாலு பேரைப் பார்த்துப் பேசிட்டு வரலாம், அந்தப் பிள்ளைங்களே காகிதத்துல அச்சடிச்சுத் தருவாங்க. நீதான் வீட்டுலயே செய்யச் சொன்ன" என்கிறார். இந்தப் பதிலை எந்த அளவுகோலில் போடுவது?

6 ஜூலை

அம்மா கதையைப் படித்துவிட்டு, வயசானவர்கள் பிரச்சினை, நமக்கில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, எனக்கு 49. கணக்கு வேலை. நாள் முழுக்கக் கணினி. என் கதையைச் சொல்கிறேன்.

என் அடையாள அட்டையில் என் பெயர், பிறகு எஸ்/ஓ (இன்னாரின் மகன் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம், மகளுக்கு டி/ஓ), பிறகு அப்பா பெயர். நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். போன ஆண்டு ஓர் அமைப்பின் தளத்தில் விண்ணப்பம் போடப் போனேன். எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை. மைஇன்ஃபோ இருக்கிறதே, 2016லிருந்து இருக்கிறது, அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தை அதுவே நிரப்பிக் கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடு. பெயர்க் கட்டத்தில் என் முழுப் பெயரையும் அரசாங்கமே எழுதியது. கட்டம் சாம்பல் நிறம், பூட்டியிருக்கிறது, நான் கைவைக்க முடியாது. ஏழு பக்கம் நிரப்பி, கடைசிப் பொத்தானை அழுத்தினேன். மேலே சிவப்பு எழுத்து: பெயரில் ஏற்க முடியாத குறியீடு உள்ளது.

எஸ்ஸுக்கும் ஓவுக்கும் நடுவே இருக்கும் சாய்ந்த கோடு.

அரசாங்கம் எழுதியதை அரசாங்கமே ஏற்க மாட்டேன் என்கிறது, நடுவில் நான் திருத்தவும் முடியாது. தொலைபேசியில் கூப்பிட்டேன். அந்தப் பெண் பாவம், தன்மையாகத்தான் பேசினார். "சிங்பாஸ் வழியாக வராதீர்கள் சார், கையால் நிரப்பும் படிவம் ஒன்று இருக்கிறது, அதில் கோட்டை விட்டுவிட்டு எழுதுங்கள்" என்றார். எழுதினேன். நான்கு நாள் கழித்து மின்னஞ்சல்: உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளதோடு பொருந்தவில்லை.

பிறகு சரியாகிவிட்டது. ஆனால் கணக்கில் நான் எப்படி விழுந்திருப்பேன் பாருங்கள். முதல் முயற்சி, பாதியில் போனவர். இரண்டாவது, நிராகரிக்கப்பட்டவர். மூன்றாவது, வெற்றி. மூன்று வேறு ஆட்கள்.

6 ஜூலை, இரவு

கீழே எஸ்/ஓ, டி/ஓ கதைகளாகக் குவிகிறது. ஒருவர் "குடும்பப் பெயர்" கட்டத்தில் எப்போதும் ஒரு முற்றுப்புள்ளி வைப்பாராம். அவருக்கு வரும் கடிதமெல்லாம் "அன்புள்ள திரு." என்று தொடங்குமாம், அதோடு முடிந்துவிடுமாம்.

9 ஜூலை

முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது. பல அரசாங்கத் தளங்களில் வேலை முடிந்ததும் ஐந்து நட்சத்திரம் காட்டி "எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். கேட்பது எங்கே? கடைசிப் பக்கத்தில். கடைசிப் பக்கம்வரை வந்தவனிடம் பயணம் எப்படி என்று கேட்டால் நன்றாகத்தான் இருந்தது என்பான். வழியில் இறங்கிப் போனவனை யார் கேட்டார்கள்?

9 ஜூலை, ஒரு மணி நேரம் கழித்து

செங்காங் நண்பர், கணினித் துறைக்காரர், என்னை ஒரு தட்டு தட்டியிருக்கிறார். வழியில் இறங்குகிறவர்களையும் பார்க்கிறார்கள் என்கிறார். அரசாங்கத்தின் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கில் வோகா என்று ஒரு கருவி உண்டு. எல்லா அமைப்புகளின் தளங்களையும் ஒரே இடத்தில் வைத்து, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று உடனுக்குடன் காட்டும். அப்படியென்றால் என் நட்சத்திரக் குற்றச்சாட்டில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

மீதிப் பாதி கையில் இருக்கிறது. விட்டுப் போனவர் எண்ணிக்கை தெரியும். முடித்தவர் விரல் யாருடையது என்பது அந்தக் கருவிக்கும் தெரியாது.

13 ஜூலை

"உங்கள் அம்மா மக்சிக்கின் இணைப்பைத் தொடாதது சரிதான், அதை ஏன் 23 நிமிடத்தில் சேர்க்கிறீர்கள்?" என்று ஒருவர். சேர்க்கத்தான் வேண்டும். மோசடிக்குப் பயந்து செலவாகும் நேரமும் தளத்தின் நேரம்தான்.

இதில் அரசாங்கம் நிறையவே செய்திருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து அமைப்புகள் அனுப்பும் செய்திகள் கவ்.எஸ்ஜி என்ற ஒரே பெயரில் வருகின்றன. முன்பு ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு பெயர், எது உண்மை என்று யாருக்குத் தெரியும்? சந்தேகம் வந்தால் 1799க்குக் கூப்பிடலாம். தளங்களின் உச்சியில் இது அரசாங்கத் தளம் என்று ஒரு சாம்பல் பட்டை, அதைத் தொட்டால் எப்படி அடையாளம் காண்பது என்ற விளக்கம்.

விளக்கத்தை நம்பி அம்மாவிடம், கவ்.எஸ்ஜி என்று முடிந்தால்தான் நம்பணும் என்று பாடம் எடுத்தேன். அதே வாரம் மருத்துவச் சந்திப்பைப் பார்க்க ஹெல்த்ஹப். அதன் முகவரியில் எஸ்ஜி இருக்கிறது, கவ் இல்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வை! அது உண்மையான தளம்தான். நம்பத்தக்க தளங்கள் என்று ஒரு தனிப் பட்டியலே கவ்.எஸ்ஜியில் வைத்திருக்கிறார்கள். விதி ஒரு வரி, விலக்கு ஒரு பக்கம்.

அப்புறம், தளம் காப்பாற்ற வேண்டியது நம்மை மோசடிக்காரனிடமிருந்து மட்டுமல்ல. 2024 டிசம்பரில் புதுப்பித்த, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் பிஸ்ஃபைல் தளத்தில் ஒருவர் பெயரைத் தேடினால் அவருடைய முழு அடையாள அட்டை எண்ணும் வந்து நின்றது. சில நாளில் அந்தத் தேடலை நிறுத்தி மன்னிப்புக் கேட்டார்கள். தேடுவது சுலபமா என்று மட்டும் மார்க் போட்டிருந்தால் அந்தப் பக்கத்துக்கு அன்றைக்கு நூற்றுக்கு நூறு.

20 ஜூலை

தமிழ் விஷயத்துக்கு வருவோம், எல்லாரும் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

2014ல் லாவ் பா சாட் உணவங்காடிக்கான வழிகாட்டிப் பலகையில், "சாட்" என்பதைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாக எடுத்துக்கொண்டு "சனி" ஆக்கிய கதை எல்லாருக்கும் மனப்பாடம். சிரித்து முடித்தாயிற்று. அதற்குப் பிறகு மொழிபெயர்ப்புக் குழு, அரசாங்கத்துக்கென்று தனி மொழிபெயர்ப்பு இயந்திரம் என்று நிறைய வந்துவிட்டது. இப்போதெல்லாம் சொற்பிழை எனக்குப் பெரிய தொல்லையாகப் படவில்லை. வேறு இரண்டு தொல்லைகள்.

ஒன்று, ஓரடித் தமிழ். முதல் பக்கத்தில் "தமிழ்" என்று பொத்தான் இருக்கும். தொட்டால் அழகான தமிழ்ப் பக்கம். அதில் "மேலும் அறிய" என்பதைத் தொட்டால் ஆங்கிலம். இல்லாவிட்டால் தமிழ் மட்டும் படமாக ஒட்டியிருக்கும், எழுத்தைப் பெரிதாக்க முடியாது. வாசலில் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே ஆளில்லாத வீடு மாதிரி.

இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. அம்மா தமிழ் முரசு வரிவிடாமல் படிப்பவர். மசேநி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) போன்ற சுருக்கமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படியும் சில தளங்களில் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார். ஏன் என்று கேட்டேன். "வலது பக்கம் கீழ பச்சைக் கட்டம், அப்புறம் நடுவுல நீலம். தமிழ்ல போட்டா கட்டம் இடம் மாறுது" என்றார். அவர் படிப்பதில்லை, இடத்தை மனப்பாடம் செய்திருக்கிறார். புளோக் நம்பரைப் பார்க்காமல் வீட்டுக்கு வருவதுபோல.

போன ஆண்டு ஒரு தளத்தைப் புதுப்பித்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது, நான்கூட மெச்சிக்கொண்டேன். அம்மாவுக்கு அன்றைக்கு வீட்டையே யாரோ தூக்கி வேறு புளோக்கில் வைத்த மாதிரி.

20 ஜூலை, பின்குறிப்பு

"2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு, அவர்களுக்காக எத்தனை பக்கம்தான் மொழிபெயர்ப்பது?" என்ற கேள்விக்கு: எல்லாப் பக்கமும் வேண்டாம். பணம், மருந்து, வீடு, மரணம். இந்த நான்கையும் கடைசிப் பொத்தான்வரை கொண்டுபோனால் போதும். பூங்காவில் எத்தனை வகைப் பறவை என்பதை ஆங்கிலத்திலேயே படித்துக்கொள்கிறோம்.

22 ஜூலை

இன்று என் முறை. 600 வெள்ளி. எம்ஆர்டியில் நின்றுகொண்டே இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, அம்மாவின் 23ஐ நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அலுவலகம் போய்ச் சேரும்வரை செய்தி வரவில்லை. பத்து மணிக்கு அம்மா கூப்பிட்டார். "எனக்கு இன்னொரு 600 வெள்ளி வந்திருக்குடா, அரசாங்கம் மறந்து போய் ரெண்டாவது தடவை போட்டுட்டாங்களா?" உலாவி தானாகவே பழைய எண்ணை நிரப்பியிருக்கிறது, அம்மாவின் எண். நான் பார்க்காமல் அழுத்தியிருக்கிறேன். மூன்று தடவை வாய்விட்டுப் படித்தவர் பிழைத்தார்.

இணைப்பை எனக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார், சாயங்காலம். அதற்குள் நான்கு வெள்ளி குறைந்திருந்தது. இதிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பற்றுச்சீட்டு இரண்டு, ஐந்து, பத்து வெள்ளியாகத்தான் வரும், கடையில் மீதி தர மாட்டார்கள். ஆகவே கோப்பி ஓ வாங்கி, சரியாக நான்கு வெள்ளிக்கு வருகிற மாதிரி கூடவே கறி பப் சேர்த்துக்கொண்டாராம். என் பற்றுச்சீட்டில், என்னைக் கேட்காமல். பயனாளர் பயிற்சி தேவைப்படுவது யாருக்கு என்று இழையைத் தொடங்கியவர் கேட்டுவிடுவதற்குள் நானே ஒப்புக்கொள்கிறேன்.

27 ஜூலை

தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது எதிரே ஒரு தம்பி, புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை. பேச்சுவாக்கில் இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் வேலை அனுமதி அட்டையை எடுத்துத் திருப்பினார். அதில் இருக்கும் கியூஆர் குறியீட்டை எஸ்ஜிவொர்க்பாஸ் செயலியால் ஸ்கேன் செய்தார். அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று உடனே வந்தது. மாதம் ஒருமுறை பார்த்துவிடுவாராம். "முதலாளி சொல்றதை நம்பணும்னு இல்லண்ணே, நானே பாத்துக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை எந்த நட்சத்திரத்திலும் போட முடியாது. இவ்வளவு நாள் நான் குறையாகவே அடுக்கிக்கொண்டிருந்தேன், அதனால் இதை எழுதுகிறேன்.

3 ஆகஸ்ட்

தம்பி கதையால் இன்னொன்று ஞாபகம் வந்தது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

அப்பா 2023 நவம்பரில் தவறினார். தாத்தா போனபோது சான்றிதழ் வாங்க அப்பா ஒரு பகல் முழுக்க அலைந்தது எனக்கு நினைவிருக்கிறது, நான் சின்னப் பையன். அப்பாவுக்கு அப்படி எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. 2022 மே மாதத்திலிருந்து மருத்துவர் இணையத்தில் உறுதிசெய்தாலே மரணம் பதிவாகிவிடுகிறது. சான்றிதழும் மின்னிலக்கம், மைலெகசி தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். இரவு இரண்டு மணிக்கு, சமையலறையில் நின்றுகொண்டு இறக்கினேன். எந்தக் கட்டமும் நிரப்பத் தேவையில்லாத தளத்துக்கு அன்றைக்கு நான் கும்பிடு போட்டேன்.

ஆனால் அதை 30 நாளுக்குள் இறக்கிவிட வேண்டும். இது எனக்குத் தெரிந்தது தளத்தைப் படித்து இல்லை. ஈமச்சடங்கு ஏற்பாடு செய்தவர் காதோடு சொன்னார். கருமாதி முடியும்வரை நம் வீடுகளில் யார் எதைப் படிக்கிறார்கள்? பதினாறு நாள் சும்மா பறந்துவிடும். அவர் சொல்லியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

10 ஆகஸ்ட்

தேசிய தினக் களைப்போடு இழையைத் தொடங்கியவர் மறுபடி வந்திருக்கிறார். "சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள், மார்க்கைச் சொல்லுங்கள்" என்கிறார்.

வருமான வரிக்கு முழு மார்க். இணையத் தாக்கல் 1998லேயே வந்துவிட்டது. இப்போது என்னைப் போன்ற சம்பளக்காரர்கள் பலர் தாக்கல் செய்யவே வேண்டாம், கணக்கே நேராக வந்துவிடுகிறது. போகவே தேவையில்லாத தளத்தில் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

பற்றுச்சீட்டுக்கு எட்டு. டிக் விழுந்தபின் உலாவிக்குத் தானாகக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒன்பது. பத்து தர மாட்டேன், கறி பப் கோபம் இன்னும் இருக்கிறது. மைலெகசிக்கு ஒன்பது; அந்த 30 நாளைப் பெரிய எழுத்தில், நான்கு மொழியிலும், குறுஞ்செய்தியாகவே அனுப்பட்டும். சாய்ந்த கோட்டுத் தளத்துக்கு மார்க் இல்லை, அடுத்த தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

"கற்றுக்கொள்ளச் சோம்பல்" என்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மா வாரம் இரண்டு நாள் சமூக மன்றத்துக்குப் போய்க் கற்றுக்கொள்கிறார். நான்தான் நாலு வருஷமாக, "விடுங்கம்மா, நானே செஞ்சிடறேன்" என்று கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சோம்பல் இல்லை, அவசரம். அவருடையது இல்லை, என்னுடையது.

7 செப்டம்பர், ஞாயிறு

ஒரு மாதம் ஆயிற்று, இழை தூங்கிவிட்டது. ஒரு சின்னத் தகவல்.

அம்மாவின் மசேநி அறிக்கையைப் பார்க்க நேற்று அவர் கைப்பேசியை எடுத்து வழக்கம்போல் ஆறு இலக்கத்தைத் தட்டினேன். தவறு என்றது. மறுபடி தட்டினேன். தவறு. அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போன வாரமே மாத்திட்டேன். வகுப்புல சொன்னாங்க, பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், கைப்பேசியை வாங்கினார், திரையை எனக்கு மறைத்துத் திருப்பிக்கொண்டார். "என்ன பார்க்கணும், சொல்லு."